கோடுகளின் கதை – 12: ஒரு வட்டம் நான்கு துண்டானபோது

சென்ற அத்தியாயத்தை 1985-இல் நிறுத்தியிருந்தோம். ஆப்பிளின் லேசர்ரைட்டர் 6,995 டாலர் விலையில் சந்தைக்கு வந்திருந்தது. அதன் உள்ளே அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழி இருந்தது. அதே ஆண்டு ஆல்டஸ் நிறுவனத்தின் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரும் வந்து சேர, அச்சுக்கோப்பவரும் ஓவியரும் தனித்தனியே செய்துவந்த வேலையில் பெரும்பகுதி ஒரே மேசைக்கு வந்தது. எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறாத கோடு சின்ன அலுவலகங்களுக்கும் வாய்த்தது.

அந்தக் கோடு போன பாதை ஒருவழிப் பாதை. கணினியிலிருந்து அச்சுப்பொறிக்குப் போகும், தாளில் விழும், அத்தோடு சரி. ஒருவர் ஒரு மென்பொருளில் வரைந்ததை மற்றொருவர் வேறு மென்பொருளில் திறந்து, ஒரே ஒரு வளைவை மட்டும் சற்று நகர்த்தித் தர முடியுமா? 1987-இல் தொடங்கி ஒரு தலைமுறைக் காலம் வரைகலைத் துறையை அலைக்கழித்த கேள்வி இது. இன்று கோப்பைக் கொடுத்து, பொத்தானை அழுத்தி, நொடியில் வேறு வடிவில் வாங்கிக்கொள்கிறோம். அந்த ஒரு நொடிக்குப் பின்னால் இருக்கும் உழைப்பையும் வழக்குகளையும் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

முதல் சிக்கல் போஸ்ட்ஸ்கிரிப்ட்டின் பலத்திலேயே இருந்தது. அதை உருவாக்கிய ஜான் வார்னாக், ஈவன்ஸ் அண்ட் சதர்லேண்ட் நிறுவனத்திலும் பிறகு ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்திலும் இதே சிந்தனையில் பல ஆண்டுகள் உழைத்தவர். ஜெராக்ஸ் தன் அச்சு மொழியை வெளியே விடத் தயங்கியதால், 1982 டிசம்பரில் சக் கெஷ்கியுடன் சேர்ந்து அடோபியைத் தொடங்கினார். அவர் தந்தது ஒரு முழு நிரல்மொழி. நூறு கோடுகள் கொண்ட சக்கரத்தை அதில் நூறு கட்டளைகளாக எழுதலாம். ‘ஒரு கோடு போடு, 3.6 பாகை திருப்பு, இதை நூறு முறை செய்’ என்று மூன்றே வரியிலும் எழுதலாம். தாளில் விழும் படம் ஒன்றுதான். தற்செயல் எண்ணைத் தரும் கட்டளைகூட அதில் உண்டு என்பதால், அச்சிடும் ஒவ்வொரு முறையும் வேறு படம் வரும்படியும் எழுதிவிடலாம்.

இப்படிப்பட்ட கோப்பை ஒரு வரைகலை மென்பொருள் எப்படித் திறக்கும்? அதற்குள் படம் இல்லையே. படத்தை உண்டாக்கும் நிரல்தானே இருக்கிறது. நிரலை ஓட்டிப் பார்த்தால்தான் எந்தக் கோடு எங்கே விழுகிறது என்பது தெரியும். ஓட்டிப் பார்க்கும் அளவுக்கு வலுவான மொழிபெயர்ப்பி லேசர்ரைட்டருக்குள் இருந்தது. மேக்கின்டாஷில் இல்லை. லேசர்ரைட்டரின் செயலியும் நினைவகமும் அதை இயக்கிய மேக்கின்டாஷை விடப் பெரியவை.

இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கண்டார்கள். அதுதான் இபிஎஸ். படத்தின் நிரலை அப்படியே வைத்துக்கொண்டு, தலைப்பில் சில குறிப்பு வரிகளைச் சேர்த்தார்கள். அவற்றில் முக்கியமானது ‘பவுண்டிங்பாக்ஸ்’ என்ற வரி: படம் அடங்கும் செவ்வகத்தின் நான்கு எண்கள். பக்கம் வடிவமைக்கும் மென்பொருள் அந்த நான்கு எண்களை மட்டும் படித்து இடம் ஒதுக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அச்சுப்பொறிக்கு அனுப்பிவிடும். திரையில் காட்டுவதற்காகச் சிறிய பிட்மேப் ஒன்றையும் கோப்போடு ஒட்டிவைப்பார்கள். அது இல்லையென்றால் வெறும் பெட்டிதான் தெரியும். மாதிரித் தாள் கைக்கு வரும்வரை பெட்டிக்குள் எது இருக்கிறது என்பது வடிவமைப்பாளருக்கே தெரியாது. 1980-களின் இறுதியில் பத்திரிகை அலுவலகங்களில் இது அன்றாட வாழ்க்கை.

1987-இல் அடோபியே தன் ஓவிய மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரை மேக்கின்டாஷுக்கு வெளியிட்டது. வார்னாக்கின் மனைவி மார்வா ஒரு வரைகலைக் கலைஞர். அவர் வேலையில் பட்ட தொல்லைகள் அந்த மென்பொருள் உருவாக ஒரு தூண்டுதல். இல்லஸ்ட்ரேட்டர் தன் கோப்பைப் போஸ்ட்ஸ்கிரிப்ட்டில்தான் எழுதியது. ஆனால் மிகவும் கட்டுப்படுத்தப்பட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட்டில். திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை கிடையாது, நிபந்தனை கிடையாது. ‘இங்கே போ’, ‘இங்கே கோடு’, ‘இங்கே வளைவு’, ‘நிரப்பு’ என்று ஒற்றை எழுத்துக் கட்டளைகள் வரிசையாக வரும். அவ்வளவு எளிமையான பட்டியலை எந்த நிரலாளரும் ஒரு வாரத்தில் படிக்கக் கற்றுவிடலாம். எனவேதான் பல நிறுவனங்கள் தங்கள் மென்பொருளில் இல்லஸ்ட்ரேட்டரின் ‘ஏஐ’ கோப்பைப் படிக்கவும் எழுதவும் வசதி செய்தன. கோப்பு மாற்றத்தின் முதல் பொதுமொழி இப்படித்தான் உருவானது. இதில் ஒரு பெரிய சமமின்மை இருந்தது. இல்லஸ்ட்ரேட்டர் எழுதியதை எந்தப் போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறியும் அச்சிடும். எல்லாப் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பையும் அன்றைய இல்லஸ்ட்ரேட்டரால் திறக்க முடியவில்லை.

அப்படியானால் கட்டற்று எழுதப்பட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட்டைக் கட்டுக்குள் கொண்டுவருவது எப்படி? இந்தத் துறையில் கண்டுபிடிக்கப்பட்ட உத்திகளிலேயே அழகானது என்று நான் கருதுவது இதற்கான விடைதான். போஸ்ட்ஸ்கிரிப்ட்டில் ஒரு கட்டளையின் பொருளையே மாற்றி எழுதிவிடலாம். ‘கோடு போடு’ என்றால் கோடு போடாதே, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு என்று குறித்துவை என முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிறகு நிரலை ஓடவிட வேண்டும். நிரல் தன் போக்கில் சுழலும், கணக்குப் போடும், நூறு முறை திருப்பும். முடிவில் கையில் இருப்பது நூறு கோடுகளின் தட்டையான பட்டியல். வார்னாக் 1991-இல் எழுதிய ‘கேமலாட்’ திட்டக் குறிப்பு இந்த உத்தியை விளக்குகிறது. அந்தத் திட்டம்தான் 1993-இல் பிடிஎஃப் ஆக வெளிவந்தது. இல்லஸ்ட்ரேட்டரின் ஒற்றை எழுத்துக் கட்டளைகள் பலவற்றை இன்றும் பிடிஎஃப் கோப்புக்குள் பார்க்கலாம்.

இதே உத்தியை அடோபிக்கு வெளியேயும் கையாண்டார்கள். பீட்டர் டாய்ச் 1988-இல் வெளியிட்ட கோஸ்ட்ஸ்கிரிப்ட், போஸ்ட்ஸ்கிரிப்ட்டை எந்தக் கணினியிலும் ஓட்டவைத்தது. அதன் தோளில் ஏறி வோல்ஃப்காங் க்ளுன்ஸ் ‘பிஎஸ்டுஎடிட்’ என்ற மாற்றியை எழுதினார். போஸ்ட்ஸ்கிரிப்ட்டையும் பிடிஎஃப்பையும் ஓட்டி, விழும் கோடுகளைப் பிடித்து, வேண்டிய வடிவில் எழுதித் தரும் கருவி அது. அறிவியல் கட்டுரைகளுக்குப் படம் வரைந்தவர்கள் பல ஆண்டுகள் அதை நம்பியே வேலை செய்தார்கள்.

தட்டையாக்குவதால் என்ன போய்விட்டது என்பதைப் பார்க்க ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1982 டிசம்பரில் ஆட்டோகேட் தந்த டிஎக்ஸ்எஃப் கோப்பில் வட்டம் என்றால் ஒரு மையம், ஓர் ஆரம். அவ்வளவுதான். அதை இபிஎஸ் ஆகவோ ஏஐ ஆகவோ மாற்றினால் நான்கு பெசியர் வளைவுகள் கிடைக்கும். சென்ற அத்தியாயங்களில் பார்த்த, கைப்பிடிப் புள்ளிகளை நகர்த்தி வளைக்கும் பெசியர் வளைவால் வட்டத்தைத் துல்லியமாக வரைய முடியாது, கிட்டத்தட்ட வரையலாம். கைப்பிடிப் புள்ளிகளை ஆரத்தின் 0.5523 மடங்கு தூரத்தில் வைத்தால் பிழை ஆரத்தில் சுமார் 0.027 சதவீதம். அச்சில் எந்தக் கண்ணுக்கும் இது தெரியாது. அந்த நான்கு வளைவுகளை மறுபடி டிஎக்ஸ்எஃப் ஆக்கினால் என்ன ஆகும்? பல மாற்றிகள் வளைவைச் சின்னச் சின்ன நேர்கோடுகளாக நறுக்கிவிடும். வட்டமாகத் துளையிட வேண்டிய இயந்திரத்துக்கு நூறு பக்கமுள்ள பலகோணம் போய்ச் சேரும். மையம் எங்கே என்று கேட்டால் கோப்பிடம் பதில் இல்லை. போட்டு முடித்த கோலத்தின் கோடுகளை மட்டும் பார்த்து நகலெடுத்தவருக்கு, பதினைந்து புள்ளியில் தொடங்கி எட்டில் நிறுத்திய கணக்கு கிடைக்காது. அடுத்த நாள் அதையே இரண்டு புள்ளி கூட்டிப் போடச் சொன்னால் தடுமாறிவிடுவார்.

கோடுகளாலான படங்களை, அதாவது வெக்டார் கோப்புகளை, மாற்றுவதில் இதுதான் மையப் பிரச்சினை. தோற்றம் பிழைத்துவிடுகிறது, வரைந்தவரின் எண்ணம் தொலைந்துவிடுகிறது. விண்டோஸின் டபிள்யூஎம்எஃப் வடிவத்தில் பெசியர் வளைவுக்கே இடமில்லை. ஆயங்களும் 16 பிட் எண்கள்தான். வளைவுகள் எல்லாம் அதற்குள் நுழையும்போதே நேர்கோட்டுத் துண்டுகளாயின. 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்த ஈஎம்எஃப் அதைச் சரிசெய்தது. ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாகக் கரையும் நிரப்பு, பழைய வடிவங்களுக்குப் போனால் நூற்றுக்கணக்கான மெல்லிய பட்டைகளாகும். ஒளி ஊடுருவும் நிழலை போஸ்ட்ஸ்கிரிப்ட் அறியவே அறியாது. 2000-இல் இல்லஸ்ட்ரேட்டர் 9 அந்த வசதியைக் கொண்டுவந்த பிறகும், இபிஎஸ் ஆகச் சேமித்தால் ஒன்றன்மேல் ஒன்று படிந்த வடிவங்களை வெட்டித் துண்டாக்கி, மிஞ்சியதைப் பிட்மேப்பாக்கித்தான் எழுத முடிந்தது. இவற்றை ஒவ்வொன்றாக விவரிக்கத் தேவையில்லை. காரணம் ஒன்றே: வாங்கும் மொழியில் அந்தக் கருத்துக்குச் சொல் இல்லை.

இதுவரை சொன்னது கணக்கின் பிரச்சினை. இனிச் சொல்லப்போவது வணிகத்தின் பிரச்சினை.

கனடாவின் ஒட்டாவாவில் மைக்கேல் கவ்ப்லாண்ட் தொடங்கிய கோரல் நிறுவனம் 1989 ஜனவரியில் கோரல்டிராவை வெளியிட்டது. விலை மிகுந்த மேக்கின்டாஷை விட்டு, விண்டோஸ் ஓடும் சாதாரணக் கணினிகளை அது தேடிப் போனது. எனவே மேக் அதிகம் நுழையாத நாடுகளில் வேர்பிடித்தது. இந்தியா அவற்றில் ஒன்று. தமிழ்நாட்டின் டிடிபி கடைகளில் பேஜ்மேக்கரும் கோரல்டிராவும் இல்லாத கணினியைப் பார்ப்பது அரிதாக இருந்தது. திருமண அழைப்பிதழ், காலண்டர், சுவரொட்டி, பின்னாளில் ஃப்ளெக்ஸ் என எல்லாம் கோரல்டிராவின் சிடிஆர் கோப்புகளில்தான் பிறந்தன.

நம் ஊரில் கோரல்டிராவோடு ஒட்டிக்கொண்ட வழக்கம் ஒன்று இந்த வரலாற்றில் இடம்பெற்றே ஆக வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் எழுத்துகளை வைத்திருந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற எழுத்துருக் குறியீட்டுத் தரங்கள் வந்த பிறகும் பழைய எழுத்துருக்கள் புழக்கத்தில் நீடித்தன. ஒரு கடையில் செய்த கோப்பை அச்சகத்தில் திறந்தால், அங்கே அந்த எழுத்துரு இல்லையென்றால் மணமகன் பெயர் இருக்கும் இடத்தில் ஆங்கிலக் குறிகள் நிற்கும். அதற்கு ஒரே காப்பு, எழுத்தையெல்லாம் வளைவுகளாக மாற்றி அனுப்புவது. ‘கர்வ் பண்ணியாச்சா?’ என்று கேட்காமல் எந்த அச்சகமும் கோப்பை வாங்காது. அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. வளைவான எழுத்தைத் தேட முடியாது, திருத்த முடியாது. கொம்பும் காலும் தனித்தனி வடிவங்களாக மிதக்கும். ஒரு ‘ர’கரத்தை ‘ற’கரமாக மாற்ற வேண்டுமென்றால் மூலக் கோப்பைத் தேடி ஓட வேண்டும். எழுத்தே படமாகும் இந்த மாற்றத்தைப் போல இழப்பு மிக்கது வேறில்லை. அந்தக் காலத்துத் தமிழ் வடிவமைப்பில் எவ்வளவோ இன்று வளைவுகளாக மட்டுமே எஞ்சியிருக்கிறது என்பதை நினைத்தால் வருத்தமாகவே இருக்கிறது.

சிடிஆர் கோப்பின் உள்ளமைப்பைக் கோரல் நிறுவனம் வெளியிடவில்லை. அதைத் திறக்க வேண்டுமானால் கோரல்டிரா வேண்டும். நிறுவனம் இயங்கும்வரை இது தொல்லை மட்டுமே. நிறுவனமோ மென்பொருளோ மறைந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை உலகுக்குக் காட்டியது ஃப்ரீஹேண்ட்.

டெக்சாஸின் ஆல்ட்சிஸ் நிறுவனம் எழுதி, ஆல்டஸ் 1988-இல் விற்கத் தொடங்கிய ஃப்ரீஹேண்ட், இல்லஸ்ட்ரேட்டரின் நேர்ப் போட்டியாளர். 1994-இல் அடோபி ஆல்டஸை வாங்கியபோது அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் குறுக்கிட்டது. இரண்டு மென்பொருளும் ஒரே கையில் இருந்தால் போட்டி அழியும் என்று கருதி, ஃப்ரீஹேண்டை ஆல்ட்சிஸுக்கே திருப்பித் தரச் செய்தது. பத்து ஆண்டுகளுக்கு இப்படிப்பட்ட ஓவிய மென்பொருளை அனுமதியின்றி வாங்கக் கூடாது என்றும் விதித்தது. 1995-இல் ஆல்ட்சிஸை மேக்ரோமீடியா வாங்கியது. பத்து ஆண்டுக் கெடு முடிந்தது. 2005 ஏப்ரலில் மேக்ரோமீடியாவையே வாங்கப்போவதாக அடோபி அறிவித்தது; டிசம்பரில் சுமார் 3.4 பில்லியன் டாலருக்கு வாங்கி முடித்தது. 2007-இல் ஃப்ரீஹேண்ட் இனி வளர்க்கப்படாது என்று அறிவித்தார்கள்.

ஃப்ரீஹேண்டில் வேலை செய்துவந்தவர்கள் கையில் பல ஆண்டு உழைப்பு கோப்புகளாக இருந்தது. இல்லஸ்ட்ரேட்டர் அவற்றைத் திறந்தது உண்மை. ஆனால் ஃப்ரீஹேண்டில் ஒரே கோப்பில் பல பக்கங்கள் உண்டு. இல்லஸ்ட்ரேட்டருக்கு அந்த வசதி 2008-இல்தான் வந்தது. பின்னாளில் ஃப்ரீஹேண்ட் கோப்பைத் திறக்கும் வசதியையும் இல்லஸ்ட்ரேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2011-இல் ஆப்பிளின் லயன் இயங்குதளம் பழைய பவர்பிசி நிரல்களை ஓட்டுவதை நிறுத்தியதும், ஃப்ரீஹேண்ட் புதிய மேக் கணினிகளில் தொடங்கவே மறுத்தது. அதே ஆண்டு பயனர்கள் ‘ஃப்ரீ ஃப்ரீஹேண்ட்’ என்ற அமைப்பாகத் திரண்டு, போட்டி ஒழிப்புக் குற்றச்சாட்டோடு கலிபோர்னியாவில் அடோபிமீது வழக்குத் தொடுத்தார்கள். 2012-இல் அது சமரசத்தில் முடிந்தது. மென்பொருள் திரும்பி வரவில்லை. ஓவியர் வரைந்த ஓவியம் அவருக்கே சொந்தம் என்று பொதுவாகச் சட்டம் சொல்லும். அதைத் திறக்கும் சாவி யாருக்குச் சொந்தம் என்பதற்குச் சட்டத்திடம் தெளிவான விடை இருக்கவில்லை.

எல்லோருக்கும் பொதுவான வடிவம் ஒன்று அதற்குள் பிறந்திருந்தது. 1998-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்புக்கு வெக்டார் வடிவத்துக்கான ஆறு முன்மொழிவுகள் வந்தன. அடோபி, ஐபிஎம், நெட்ஸ்கேப், சன் சேர்ந்து ஒன்றைத் தந்தன. மைக்ரோசாஃப்ட், மேக்ரோமீடியா, ஆட்டோடெஸ்க் முதலியவை வேறொன்றைத் தந்தன. கூட்டமைப்பு யாருடையதையும் அப்படியே ஏற்காமல், கிறிஸ் லில்லி தலைமையில் குழு அமைத்து புதிதாக ஒன்றை வகுத்தது. 2001 செப்டம்பர் 4 அன்று எஸ்விஜி 1.0 பரிந்துரையானது. அது வெறும் எழுத்துக் கோப்பு. எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். வட்டம் அங்கே வட்டமாகவே இருக்கும், மையமும் ஆரமுமாக. எழுத்து எழுத்தாகவே இருக்கும். மாற்றி எழுதுபவர்களுக்கு இதனால் இன்னொரு லாபம். பத்து வடிவங்களை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நேராக மாற்ற 90 மாற்றிகள் வேண்டும். நடுவில் ஒரு பொது வடிவம் இருந்தால் போகவும் வரவுமாக 20 போதும்.

எஸ்விஜியையே தன் சொந்தக் கோப்பு வடிவமாகக் கொண்ட ஓவிய மென்பொருளான இங்க்ஸ்கேப் 2003-இல் பிறந்தது. ஆனால் சிடிஆரின் பூட்டு அப்படியே இருந்தது. அதைத் திறந்தவர்கள் பெரிய நிறுவனத்தார் அல்லர். உக்ரைனைச் சேர்ந்த இகோர் நோவிகோவின் எஸ்கே1 திட்டம் ‘யூனிகன்வெர்ட்டர்’ என்ற மாற்றியைத் தந்தது. வலெக் ஃபிலிப்போவ் சிடிஆர் கோப்புகளின் பைட்டுகளைத் துருவி ஆராயும் கருவிகளை எழுதினார். அவரும் ஃப்ரிட்ரிக் ஸ்டர்பாவும் சேர்ந்து ‘லிப்சிடிஆர்’ என்ற நூலகத்தை உருவாக்க, 2012 ஆகஸ்டில் வந்த அலுவலக மென்பொருளான லிப்ரேஆஃபிஸ் 3.6 கோரல்டிரா கோப்புகளைத் திறந்தது.

இந்த வேலை எப்படி நடக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வெற்றுப் பக்கம் ஒன்றைச் சேமிக்க வேண்டும். அதில் ஒரே ஒரு கோடு போட்டு மறுபடி சேமிக்க வேண்டும். இரண்டு கோப்புகளையும் பைட் பைட்டாக ஒப்பிட்டு, எது புதிதாக வந்தது என்று பார்க்க வேண்டும். கோட்டை ஓர் அங்குலம் நகர்த்தி, சிவப்பாக்கி, தடிமனாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. இப்படி எல்லாப் பதிப்புகளுக்கும் செய்ய வேண்டும். பழைய கோரல்டிரா, ஆயங்களை 16 பிட் எண்ணாக, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் எழுதியது. அதனால் மையத்திலிருந்து 32 அங்குலத்துக்குச் சற்று அப்பால் எதையும் குறிக்க இயலாது. 6-ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் எண்ணாகி, அளவு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கானது. 2008-இல் வந்த எக்ஸ்4 பதிப்பில் கோப்பு முழுவதும் ஜிப் பெட்டிக்குள் போனது. இவற்றில் எதையும் கோரல் நிறுவனம் சொல்லித் தரவில்லை. எண்களை உற்றுப் பார்த்து, அனுமானித்து, சரிபார்த்து அறிந்தவை இவை. கல்வெட்டுப் படிப்பவர்களுக்கு நாம் தரும் மரியாதையை இவர்களுக்கும் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2014 ஜனவரியில் வெளியான லிப்ரேஆஃபிஸ் 4.2 ஃப்ரீஹேண்ட் கோப்புகளைத் திறந்தது. அந்த ஏப்ரலில் ‘டாக்குமென்ட் லிபரேஷன்’ என்ற பெயரில் இந்த முயற்சிகள் ஒரே குடையின்கீழ் வந்தன. அடுத்த ஆண்டின் 4.4 பதிப்பில் பேஜ்மேக்கர் கோப்புகளும் திறந்தன. நம் சிற்றிதழ்களின் பழைய பக்கங்கள் பல அந்த வடிவில்தான் உறங்குகின்றன. இங்க்ஸ்கேப்பும் சிடிஆர் கோப்புகளுக்கு லிப்சிடிஆரையே பயன்படுத்துகிறது.

இதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. லிப்சிடிஆர் படிக்கும்; சிடிஆராகத் திருப்பி எழுதாது. பொது வடிவத்திலும் சொந்த வழிகள் நுழைந்துவிட்டன: எடிட் செய்யும் வசதியைக் காக்கச் சொல்லிச் சேமித்த இல்லஸ்ட்ரேட்டரின் எஸ்விஜிக்குள் அதன் சொந்தத் தரவு மறைவாக அமர்ந்திருக்கும். இன்றைய ஏஐ கோப்புக்குள்ளும் மற்றவர் படிக்க ஒரு பிடிஎஃப், தான் படிக்க ஒரு தனித் தரவு என இரண்டு பிரதிகள் இருக்கும். அளவுக் குழப்பமும் உண்டு. இல்லஸ்ட்ரேட்டர் அங்குலத்துக்கு 72 அலகு என்று கணக்கிடுகிறது. இங்க்ஸ்கேப் 90 என்று கணக்கிட்டு வந்து, 2017-இல் வந்த 0.92 பதிப்பில் உலாவிகளோடு ஒத்துப்போக 96-க்கு மாறியது. ஒன்றில் வரைந்த பத்து சென்டிமீட்டர் சின்னம் மற்றொன்றில் ஏழரை சென்டிமீட்டராகச் சுருங்கினால் காரணம் இதுதான். லேசரில் வெட்டவோ அச்சிடவோ கொடுப்பவர்கள் மாற்றியதும் ஒரு பக்கத்தையாவது அளந்து பார்த்துவிடுவது நல்லது. பழைய சிடிஆர் கோப்புகள் வைத்திருப்பவர்கள், அவற்றைத் திறக்க முடிகிற இப்போதே எஸ்விஜியாகவும் பிடிஎஃப்பாகவும் ஒரு பிரதி எடுத்துவிட வேண்டும். எழுத்தை வளைவாக்காத பிரதி ஒன்றும் அவற்றோடு இருக்கட்டும்.

வளைவுகளுக்குள்ளேயே நடந்த ஒரு போர் பாக்கி இருக்கிறது. 1989-இல் ஆப்பிளும் மைக்ரோசாஃப்ட்டும் அடோபிக்கு எதிராகக் கைகோத்தன. ஒரு பக்கம் முப்படி வளைவு, மறுபக்கம் இருபடி வளைவு. ட்ரூடைப் எழுத்துரு பிறந்த அந்த மோதலை அடுத்த இதழில் பார்ப்போம்.